வெளியே இருப்பவர்களின் எண்

நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழங்கள் வைக்கப்பட்டிருந்தன. வண்டியின் முகப்பில் சந்தனம் தடவ அர்ச்சகர் எக்கிப் பார்த்தார்; கை எட்டவில்லை. விற்பனைக்கூடத்தார் மரப்படி ஒன்றைக் கொண்டுவந்து போட்டனர். அதன்மேல் ஏறி நின்று, மூன்றரை டன் எடையுள்ள அந்தக் குடும்ப வண்டிக்கு அவர் பொட்டிட்டார். பிறகு இறங்கிவந்து, பதிவெண் பலகைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒளிர்ந்த ஒற்றை இலக்கத்தின்மீது அதைவிடப் பெரிதாகக் குங்குமம் அப்பினார். அந்த இலக்கம் ஒன்பது.

உரிமையாளர் இருக்கையில் ஏறி அமர்ந்ததும் வண்டி பேசியது.

“வெளியே பதினோரு பேர்.”

குடும்பத்தார் சிரித்துக்கொண்டே விலகி நின்றனர். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

கண்ணாடிச் சுவருக்கு இப்பால் நின்று சிவரஞ்சனி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கணவன் பூபதி அவளை அவினாசி சாலையிலிருந்த அந்த விற்பனைக்கூடத்துக்கு அழைத்துவந்திருந்தான்.

“எங்ககிட்ட இப்ப ஒம்போது மட்டுந்தானுங்க மேடம் இருக்குது,” என்றாள் ஹேமலதா என்ற விற்பனைப் பெண். “ஏழு வேணும்னா சொல்லி வரவெக்கோணும். எட்டு நாங்க எடுக்கறதே இல்லீங்க.”

“ஏன்?”

“எட்டு சனிங்களே. யாரு வாங்குவாங்க? கம்பெனியில எட்டுன்னு வர்ற வண்டிக்கு அடியில இருநூறு கிலோ இரும்புத் தகடு வெச்சு ஒம்போது ஆக்கிர்றாங்க. ஒம்போதுன்னா செவ்வாய். கெத்துங்க. சும்மா ரோட்டுல எறங்குனாலே எதுக்க வர்றவன் ஒதுங்கிருவான்.”

“அந்த எண் எதைக் குறிக்குதுன்னு தெரியுமாம்மா?”

“பாதுகாப்புதானுங்க.”

“யாரோட பாதுகாப்பு?”

ஹேமலதா பூபதியைப் பார்த்தாள். அவன் விற்பனைக்கூடத்தின் கூரை விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

“உள்ள இருக்கறவங்களோடதுதானுங்க மேடம். வேற யாரோடது?”

அந்த எண்ணை உருவாக்கியவள் சிவரஞ்சனி.

*

ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, அதாவது 2038இல், வண்டிகளுக்கு நட்சத்திரங்கள் மட்டுமே வழங்கப்பட்டுவந்தன. சுவரில் மோதினால் உள்ளே இருப்பவர் எந்த அளவுக்குப் பிழைப்பார் என்பதை அவை கூறின. எதிரே வந்தவர் என்னவானார் என்ற கேள்வி எந்த அட்டவணையிலும் இடம்பெறவில்லை. மின்கலங்களும் கவசங்களும் பெருகப் பெருக வண்டிகள் கனத்தன. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். வெளியே இருந்தவர்கள் இறந்தார்கள். சூலூருக்கு அப்பால் இருந்த மோதல் சோதனைக்கூடத்தின் தலைமை ஆய்வாளர் என்ற முறையில், அரசு அமைத்த குழுவின்முன் சிவரஞ்சனி ஒரு யோசனையை வைத்தாள். ஒவ்வொரு வகை வண்டியும் தனக்கு வெளியே இருப்பவர்களைக் கொல்லும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டு, ஒன்று முதல் ஒன்பது வரை ஓர் எண்ணாக அதன் நெற்றியில் எழுதிவிட வேண்டும். அதன் பெயர் வெளி எண்.

கண்ணாடியின் மூலையில் சிறிய வில்லையாக ஒட்டினால் போதும் என்றது குழு. அவள் விடவில்லை. உள்ளங்கை அளவில், சிவப்பில், ஒளிரும்படியாக, பதிவெண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று வாதாடி வென்றாள். அவமானம் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும் என்பது அவள் நோக்கம்.

கணக்கில் மூன்று கூறுகள் இருந்தன: வண்டியின் எடை, முகப்பின் உயரம், சாலைகளில் நடந்தும் மிதிவண்டியிலும் செல்லும் மனிதர்களின் எண்ணிக்கை. மூன்றாவது கூறு அறிவியல் நேர்மையின்பாற்பட்டது. ஆளில்லாப் பாலையில் ஓடும் வண்டி எவரையும் கொல்வதில்லை. ஆகவே சாலைக் கருவிகள் தரும் எண்ணிக்கையைக் கொண்டு எண் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்.

அந்தக் கணக்கைச் சோதனைக்கூடத்தில் முதலில் கேட்டவர் ஆறுச்சாமி. மோதல் சோதனைக்கான மனித பொம்மைகளை இருபது ஆண்டுகளாக உடுத்தி, நிறுத்தி, மோதியபின் பொறுக்கிச் சேர்ப்பவர் அவர். நடைபாதைச் சோதனைக்கான சிறுமி பொம்மைக்கு, சிவரஞ்சனியின் மகள் மிருதுளாவுக்குச் சிறிதாகிப்போன பள்ளிச் சீருடையைத்தான் அணிவித்து வந்தார்.

“ரெண்டு வண்டி முட்டுனா அடி ஒண்ணுதானுங்க,” என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு அவர் விளக்குவதுண்டு. “பங்கு பிரிக்கறதுலதான் வில்லங்கம். கனமானவன் தன் பங்கையும் சேத்து எளச்சவன் தலையில கட்டிப்போட்டுப் போயிர்றான். நடக்கறவனுக்குப் பங்கு போட ஆளே இல்லை. மொத்தமும் அவனுக்குத்தான்.”

அன்று அவர் அட்டவணையை விரல் வைத்துப் படித்தார். “மேடம், நடுவுல எட்டுன்னு ஒண்ணு வருதுங்களே?”

“வரட்டும்ண்ணா. எட்டுன்னு போட்டா யாரும் வாங்கமாட்டாங்கன்னா நமக்கு நல்லதுதானே?”

“வாங்கமாட்டானுங்கதான்.” ஆறுச்சாமி தலையைச் சொறிந்தார். “ஆனா எட்டுல நிக்காதவன் ஏழுக்கு எறங்குவான்னு நெனைக்கறீங்க. ஒம்போதுக்கில்லீங்க போவான்?”

அவள் சிரித்தாள். அறையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். தன் ஊரார் வண்டியெண்ணின் கூட்டுத்தொகை ஒன்பதாக வருவதற்குக் காத்துக்கிடப்பவர்கள் என்பது அவளுக்குத் தெரியாததன்று. அதை ஒரு தரவாக அவள் கருதவில்லை.

*

வீடு திரும்பும்போது அவர்களுடைய இரண்டாம் எண் சிற்றுந்தைப் பின்னாலிருந்து ஓர் ஒன்பது நெருக்கியது. அதன் விளக்குகள் பூபதியின் தலைக்கு மேலே எரிந்தன. அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

“உன்னோட எண்ணை நீ நம்பறயா, இல்லையா?” என்று கேட்டான்.

“நம்பறேன்.”

“அப்ப அது பொய்யில்ல. ஒம்போது முட்டுனா ரெண்டுல இருக்கறவன் செத்துப்போவான். சைக்கிள்ல போறவனைப் பத்திச் சொல்லவே வேண்டாம். சரிதானே?”

“சரிதாங்க.”

“நம்ம மிருது தெனமும் சைக்கிள்ல ஸ்கூலுக்குப் போறா. ஒம்போது வண்டி நூறு வந்து நிக்கற கேட்டுக்கு. அவ எந்தப் பக்கம் இருக்கோணும்னு நீயே சொல்லு. உள்ளயா, வெளியவா?”

“நான் ஒரு ஒம்போது வாங்கினா, வேற யாரோ ஒருத்தரோட பொண்ணுக்கு நம்ம வண்டி எமன் ஆயிருங்க.”

“வேற யாரோ ஒருத்தன் ஏற்கெனவே வாங்கிட்டான் ரஞ்சனி. நம்ம பொண்ணுக்கு எமன் வந்தாச்சு. நீ மட்டும் நல்லவளா இருந்து என்ன பண்ணப்போற?”

வீட்டு வாசலில் பதின்மூன்று வயது மிருதுளா மிதிவண்டிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். “என்ன, வாங்கியாச்சா பீரங்கி?” என்று கேட்டாள்.

“அம்மா சென்னைக்குப் போயிட்டு வரட்டும்,” என்றான் பூபதி. “அங்க என்ன சொல்றாங்களோ, அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்.”

“நான் சைக்கிளை விடமாட்டேன். சொல்லிட்டேன்.”

வெளி எண்ணைத் திரும்பப் பெற வேண்டும், பயணிகள் வண்டிக்கு ஒன்றரை டன் என்ற எடை வரம்பு விதிக்க வேண்டும் என்று சிவரஞ்சனி எழுதியிருந்த அறிக்கை அவள் பையில் இருந்தது. அரசு அதை ஏற்றால் மகளின் மிதிவண்டி தப்பும்.

*

போக்குவரத்துத் துறைச் செயலர் அம்பலவாணன் அறிக்கை முழுவதையும் படித்திருந்தார். அதுவே அவளுக்கு நம்பிக்கையூட்டியது.

“அருமையா எழுதியிருக்கீங்க மேடம். ஒரு வரி விடாம உண்மை,” என்றார். “ஆனா செய்ய முடியாது.”

“காரணம்?”

“எண்ணை எடுத்தா, ஒன்பது வச்சிருக்கவங்க தெருவுக்கு வந்துடுவாங்க. ஆசைப்பட்டு வாங்கினது. எடை வரம்பு வச்சா, இனிமே வாங்கப்போறவங்க தெருவுக்கு வருவாங்க. அண்டை மாநிலத்துல முயற்சி பண்ணி ஆட்சியே ஆடிப்போச்சு.”

“வெளியில இருக்கறவங்க சார்? அவங்களும் ஓட்டு போடறவங்கதானே?”

“யார் இல்லைன்னா? ஆனா அவங்க எல்லாரும் எப்ப உள்ள போகலாம்னுதான் ஓட்டு போடறாங்க. வெளியிலயே நல்லா இருக்கணும்னு ஒருத்தர் மனு கொடுத்து நான் பார்த்ததில்ல.” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாங்க வேற ஒண்ணு யோசிக்கிறோம். பாதுகாப்புச் சாலைத் திட்டம். பெரிய சாலைகள்ல நடக்கறதையும் சைக்கிளையும் நிறுத்திடறது. உங்க கணக்குப்படி வெளியில ஆள் குறைஞ்சா எண்ணும் குறையும், இல்லையா?”

“குறையும். ஆனா அதுக்காகப் போட்ட கணக்கில்ல சார் அது.”

“குறையும்னு சொன்னீங்க. அது போதும்.”

அவர் எழுந்து கதவுவரை வந்து வழியனுப்பினார். “ஊருக்கு எதுல போறீங்க? ரயில்லயா? நல்லது. ரோடு இப்பல்லாம் சரியில்ல.”

*

அவள் ஊர் திரும்பிய மறுநாள் காலை எட்டரை மணிக்கு, சோதனைக்கூடத்துக்குப் போகும் வழியிலுள்ள பேக்கரியின் முன்னால், ஆறுச்சாமியின் மிதிவண்டியில் சங்கிலி கழன்றது. அங்கே ஓர் ஒன்பது நின்றிருந்தது. அதன் முகப்புக்கு முன்னால் நிழல் விழுந்திருந்ததால் அவர் அங்கே குந்தி உட்கார்ந்து சங்கிலியை மாட்டத் தொடங்கினார். உரிமையாளர் பப்ஸ் பொட்டலத்துடன் வந்து வண்டியில் ஏறினார்.

சிவரஞ்சனி போய்ச் சேர்ந்தபோது அந்த உரிமையாளர் பேக்கரி படியில் உட்கார்ந்திருந்தார். பொட்டலம் இன்னும் மடியில் இருந்தது.

“ஒருவருன்னு சொல்லுச்சுங்க,” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். “வெளியே ஒருவருன்னு சொல்லுச்சு. டீ மாஸ்டர் கண்ணுக்கு எதுக்கவே நின்னுட்டிருந்தாருங்க. அவரைத்தான் சொல்லுதுன்னு நெனச்சுட்டனுங்க.”

அந்த அறிவிப்பும் அவளுடைய குழு விதித்ததே. ஆளைக் கண்டால் வண்டி தானே நிற்க வேண்டும் என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். ஆட்கள் மொய்க்கும் நம் தெருக்களில் அப்படிச் செய்தால் எந்த வண்டியும் நகராது என்று உற்பத்தியாளர்கள் முறையிட்டதால், நிற்பது நீக்கப்பட்டு, சொல்வது மட்டும் எஞ்சியது. டீ மாஸ்டர் கடைக்குள், கூரைக்கு அடியில் நின்றிருந்தார். வண்டி அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது சரியாகத்தான் எண்ணியிருந்தது.

ஆறுச்சாமியைத் துணியால் மூடியிருந்தார்கள். துணிக்கு வெளியே ஒரு கை நீட்டிக்கிடந்தது. விரல்களில் சங்கிலியின் கரிய பிசுக்கு. இருபது ஆண்டுகளாக உடைந்த பொம்மைகளைப் பொறுக்கிச் சேர்த்த விரல்கள். சிவரஞ்சனி அழ முயன்றாள். ஆனால் அவள் மனத்தில் முதலில் வந்து நின்றது ஆறுச்சாமியின் முகமன்று. மிதிவண்டியின் முன் குந்தி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மிருதுளாவின் முதுகு. அதே உயரம். எந்த ஒன்பதின் கண்ணாடியிலிருந்தும் தெரியாத உயரம்.

அவள் பூபதியை அழைத்தாள்.

“அந்த ஷோரூம் பொண்ணுகிட்டச் சொல்லிருங்க,” என்றாள். “ஒம்போதே எடுத்துக்கலாம்.”

“என்னாச்சு ரஞ்சனி?” என்று கேட்டான். அவள் தொடர்பைத் துண்டித்தாள்.

ஒருவனுடைய மரணத்திலிருந்து எதிர்ப்பு பிறக்கும் என்று படித்தவர்கள் நம்புகிறார்கள். அன்றிலிருந்து பத்து நாள்களுக்குள் சோதனைக்கூடத்தின் ஊழியர்களில் ஆறு பேர் ஒன்பதாம் எண் வண்டிகளுக்குப் பதிவு செய்தனர். அவர்கள் எல்லோரும் ஆறுச்சாமியின் இறுதி ஊர்வலத்தில் நடந்தவர்கள்.

*

இரண்டு ஆண்டுகள் சென்றன. பாதுகாப்புச் சாலைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நடைபாதைகள் அகற்றப்பட்டன. பேருந்துக்காகக் காத்திருப்பவர்களும் வெளியே இருப்பவர்களே என்பதால் நிறுத்தங்கள் பேரங்காடிகளின் உள்ளே மாற்றப்பட்டன. நடைபாதையே இல்லாதபோது நடைபாதைச் சோதனை எதற்கு என்று அதுவும் நிறுத்தப்பட்டது. பழைய சீருடை அணிந்த சிறுமி பொம்மை கிடங்கில் சுவரைப் பார்த்து நின்றது. மாடியில் கிடந்த மிருதுளாவின் மிதிவண்டியில் துணி காய்ந்தது. அதைப் பற்றி அவள் பேசுவதை நிறுத்தி ஓராண்டுக்கு மேலாகிவிட்டது.

சாலை மரணங்கள் பாதியாகக் குறைந்தன. அமைச்சர் நன்றியறிவித்துக் கடிதம் எழுதினார். வெளி எண்கள் புதுப்பிக்கப்பட்ட நாளன்று பூபதி பதற்றத்தோடு வண்டிக்கூடத்திலிருந்து வந்தான்.

“நம்ம வண்டியில ஒம்போதைக் காணோம். மூணு நிக்குது!”

“வண்டி அதேதாங்க. வெளிய ஆள் கொறைஞ்சுபோச்சு.”

“அதைப் போய் ரோட்டுல யாருக்குச் சொல்லறது? மூணுன்னு பாத்தா எவன் ஒதுங்குவான்? எல்லாரும் கம்பெனிக்குப் போன் போட்டுட்டாங்க. ஐந்நூறு கிலோ தகடு சேத்துத் தர்றாங்களாம். எவ்வளவு முடியுமோ அவ்வளவு மேல கொண்டாந்துருவாங்க. நமக்கு அடுத்த வெள்ளிக்கிழமை.”

அவள் மறுக்கவில்லை. மறுப்பதற்கான சொற்களை எல்லாம் ஓர் அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

சோதனைக்கூடத்தின் திரையில் இப்போது சாலைகள் வெறுமையான கோடுகளாக இருந்தன. வெளியே உள்ள ஒவ்வொரு மனிதரும் ஒரு மஞ்சள் புள்ளி. சூலூர் சாலையில் தினமும் காலை ஏழேமுக்காலுக்கு ஒரே ஒரு புள்ளி தோன்றி, பேக்கரியைக் கடந்து, நூற்பாலை வாயில்வரை நகர்ந்து மறைந்தது.

அம்பலவாணன் தொலைபேசியில் கேட்டார்: “யார் மேடம் அது? அந்த ஒரு புள்ளியும் இல்லைன்னா அந்தச் சாலையை முழுப் பாதுகாப்புன்னு அறிவிச்சுடலாம். மாநிலத்துலயே முதல் சாலை.”

“தெரியல சார்,” என்றாள்.

தெரியும். ஆறுச்சாமியின் மனைவி பாப்பாத்தி. நூற்பாலை விடுதியின் சமையற்கட்டில் வேலை.

*

அந்த வெள்ளிக்கிழமை மிருதுளாவைப் பள்ளியில் விட்டு, அப்படியே வண்டியைத் தகடு ஏற்றக் கொடுப்பதாகத் திட்டம். சூலூர் சாலையில் திரும்பியதும் வண்டி சொன்னது:

“வெளியே ஒருவர்.”

சிவரஞ்சனி பிரேக்கை மிதித்தாள். எவரும் கண்ணில் படவில்லை. கதவைத் திறந்து இறங்கிப் பார்த்தபோதுதான், சாலையின் ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்கும் தடுப்புச் சுவருக்கும் இடையிலிருந்த ஒரு சாண் இடைவெளியில், சாப்பாட்டுத் தூக்குப்போசியுடன் பாப்பாத்தி சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தார். வண்டி கடந்து போவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஏறிக்குங்க. மில்லுல விட்டுர்றேன்.”

“வேண்டாமுங்க மேடம். பக்கந்தானே. நடந்தாப் போச்சு.”

“நடக்கக் கூடாதுக்கா இங்க.”

“ஆமாங்க, போலீஸ்காரங்களும் சொல்லறாங்க. நடக்காம எப்படிங்க போறது?” பாப்பாத்தி சிரித்தார். “எனக்கென்ன ரெக்கையா இருக்குது?”

இரக்கத்தினால்தான் அழைக்கிறோம் என்று சிவரஞ்சனி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செயலரின் குரல் நினைவுக்கு வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் சொல்லிக்கொண்டாள். “இனிமே தெனமும் நானே கூட்டிட்டுப் போறேன். ஏறுங்கக்கா,” என்றாள்.

படி இடுப்புயரத்தில் இருந்தது. பாப்பாத்தி தூக்குப்போசியை முதலில் மேலே வைத்தார். பின்னிருக்கையிலிருந்து மிருதுளா கை நீட்டி அவரை இழுத்து ஏற்றினாள். கதவு மெல்ல மூடிக்கொண்டது. சாலையின் ஓசை அறுந்தது.

பாப்பாத்தி இருக்கையைத் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக, சற்றுமுன் தாம் நின்ற இடத்தைத் தேடினார். உள்ளிருந்து அந்த இடம் தெரியவில்லை. தொலைவில் பேக்கரியின் கூரை மட்டும் தெரிந்தது.

“இவ்வளவு ஒசரமுங்களா,” என்றார் மெதுவாக. “இங்கிருந்து பாத்தா கீழ குந்தியிருக்கறவங்க எப்படிங்க தெரிவாங்க?”

மிருதுளா தாயின் பிடரியைப் பார்த்தாள். சிவரஞ்சனி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி பேசியது.

“வெளியே எவருமில்லை.”

பாப்பாத்தி திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். “யாருங்க அது?”

“வண்டிதாங்கக்கா. வெளிய யாராச்சும் இருந்தாச் சொல்லும்.”

“ஓ.” அவர் தூக்குப்போசியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். “இத்தனை நேரம் நான் இருந்தனுங்களே.”

சிவரஞ்சனி வண்டியை நகர்த்தினாள்.